அண்ணனின் வக்கீல் உங்கள் வக்கீலாக முடியாது

கேள்வி: எனக்கு வயது 34. 2016இல் சேலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் திருமணம் நடந்தது, பெங்களூருவில் குடியிருந்தோம். இரண்டரை ஆண்டுகளுக்கு முன் மகளை அழைத்துக்கொண்டு ஏற்காட்டில் உள்ள பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டேன். மகளுக்கு இப்போது ஏழு வயது, இங்கேதான் படிக்கிறாள். இருவரும் சம்மதித்துப் பிரிந்துவிடலாம் என்று கணவர் வாய்வார்த்தையாகச் சொல்லியிருக்கிறார். எட்டு மாதத்துக்கு முன் அப்பா காலமானார். தாம் சம்பாதித்து வாங்கிய சொத்துகளில் ஏற்காட்டு வீட்டையும் ஒன்றரை ஏக்கர் காப்பித் தோட்டத்தையும் எனக்கும், சேலம் வீட்டை அண்ணனுக்கும் கைப்பட உயில் எழுதி வைத்திருக்கிறார், பதிவு செய்யவில்லை. அம்மா என்னுடன் இருக்கிறார். சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவர் இறந்துவிட்டார். மற்றவர் அப்பாவிடம் கணக்கு எழுதிய 81 வயதுப் பெரியவர். உயிலுக்குப் புரோபேட் (உயில் உண்மையானது என்று நீதிமன்றம் அளிக்கும் சான்று) வாங்கியே தீர வேண்டும், தன் சினேகிதரான வக்கீல் அதையும் விவாகரத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார், சொத்து மதிப்பில் பத்து சதவீதம் கொடுத்தால் போதும் என்று சொல்லி, எழுதாத தாள்களில் அண்ணன் கையெழுத்துக் கேட்கிறார். உறவினர் ஒருவரோ, சென்னை வக்கீலை வைத்தால்தான் காரியம் நடக்கும் என்கிறார். நான் யாரை வைத்துக்கொள்வது?

— ஏற்காடு வாசகி (பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டுக் கொடுத்திருந்தால், எத்தனை தாள்கள், எந்த நாளில், யாரிடம் கொடுத்தீர்கள் என்பதைக் குறிப்பிட்டு, அவற்றைத் திருப்பித் தரும்படி பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பி, அதன் நகலையும் ஒப்புகை அட்டையையும் பத்திரப்படுத்துங்கள். உங்கள் கேள்விக்கு நேரான விடையைச் சொல்வதானால், விவாகரத்துக்கு ஒருவர், உயிலுக்கு ஒருவர் என இரண்டு வக்கீல்கள் உங்களுக்குத் தேவைப்படலாம்; இருவருமே சேலத்தில் தொழில் செய்பவர்களாக இருக்க வேண்டும்; இருவரில் ஒருவர்கூட உங்கள் அண்ணனின் சினேகிதராக இருக்கக் கூடாது.

வக்கீலைத் தேடுவதற்கு முன், வழக்கு எந்த நீதிமன்றத்தில் நிற்கும் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. இந்து திருமணச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, திருமணம் நடந்த இடம், எதிர்மனுதாரர் குடியிருக்கும் இடம், கணவனும் மனைவியும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் ஆகியவற்றில் எதற்கு உட்பட்ட நீதிமன்றத்திலும் மனுப் போடலாம். மனுதாரர் மனைவியாக இருந்தால் அவர் குடியிருக்கும் இடத்திலும் போடலாம் என்று 2003இல் சேர்த்தார்கள். உங்கள் திருமணம் சேலத்தில் நடந்திருக்கிறது. சேலம் குடும்ப நீதிமன்றத்துக்கு அதுவே போதும். ஆனால் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர் பெங்களூரு என்பதால், உங்கள் கணவர் மனம் மாறினால் அங்கேயும் வழக்குப் போட அவருக்கு உரிமை உண்டு. அப்படி அவர் முந்திக்கொண்டால், ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு வழக்கை மாற்றித் தரும்படி நீங்கள் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கும். ஆகவே காலதாமதம் உங்களுக்கு உதவாது. சென்னை வக்கீல் என்ற யோசனை, சேலத்து உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றம் போகும் நாளில்தான் பொருந்தும். அதற்கு முன் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவருடைய பயணச் செலவையும் சேர்த்து நீங்கள்தான் கட்டுவீர்கள்.

உயில் பற்றி உங்கள் அண்ணன் சொல்வது இரண்டு வகையில் தவறு. சேலத்தில் எழுதப்பட்டு, சேலம் மாவட்டத்துச் சொத்துகளை மட்டுமே பற்றிப் பேசும் ஓர் இந்துவின் உயிலுக்குப் புரோபேட் கட்டாயம் என்ற நிலை முன்பும் இருந்ததில்லை, இப்போதும் இல்லை. நம் மாநிலத்தில் அந்தக் கட்டாயம் நெடுங்காலம் சென்னை நகர எல்லைக்குள் எழுதப்பட்ட உயில்களையும், அந்த எல்லைக்குள் உள்ள மனை, வீடு பற்றிய உயில்களையும் சார்ந்ததாகவே இருந்தது. சென்னைக்காரர்கள் சொல்வதைக் கேட்டு மற்ற மாவட்டத்தாரும் அப்படியே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாவது தவறு இன்னும் அடிப்படையானது. நீங்கள் அனுப்பிய நகலைப் படித்தேன். உயிலை நிறைவேற்றி வைக்க உங்கள் அப்பா யாரையும் நியமிக்கவில்லை. இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 222ஆம் பிரிவு, உயிலில் நியமிக்கப்பட்ட நிறைவேற்றுநருக்கு மட்டுமே புரோபேட் வழங்கலாம் என்கிறது. எனவே அண்ணனின் சினேகிதர் வாங்கித் தருவதாகச் சொல்லும் புரோபேட்டை இந்த உயிலை வைத்து யாராலும் வாங்க முடியாது. தேவைப்பட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் நீங்கள் கேட்க வேண்டியது, உயிலின் நகல் இணைக்கப்பட்ட நிர்வாக உரிமைக் கடிதம், அதாவது உயிலின்படி சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் தரும் அதிகாரப் பத்திரம். உயிலின் நகலை ஒரு முறை படித்துப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது. அவர் படிக்கவில்லை, அல்லது படித்தும் சொல்லவில்லை.

தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழையும் நீதிமன்றம் தரும் வாரிசுரிமைச் சான்றையும் பலர் ஒன்றாகவே நினைக்கிறார்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். முன்னது இன்னாருக்கு இன்னார் வாரிசு என்பதைக் காட்டும். பட்டா மாறுதலுக்கு அது வேண்டும். பின்னது வங்கி வைப்பு, பங்குப் பத்திரம், வரவேண்டிய கடன் போன்றவற்றுக்கு மட்டும் உரியது. நிலத்துக்கும் வீட்டுக்கும் அது பயன்படாது.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது அந்த 81 வயதுப் பெரியவரைப் பற்றிய வரிதான். உயிலைப் பதிவு செய்யாததால் அது செல்லாததாகிவிடாது. இரண்டு சாட்சிகளின் சான்றொப்பம் இருந்தால் போதும். ஆனால் அதை யாராவது மறுத்து வழக்காடினால், உயிரோடு இருக்கும் சான்றொப்பச் சாட்சிகளில் ஒருவரையாவது நீதிமன்றத்தில் விசாரித்தே அதை மெய்ப்பிக்க வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 68ஆம் பிரிவில் இருந்த இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 67ஆம் பிரிவாகத் தொடர்கிறது. உங்கள் உயிலின் பலம் இன்று அந்த ஒரு மனிதரின் நினைவிலும் உடல்நலத்திலும் இருக்கிறது. அவருக்குப் பிறகும் உயிலை மெய்ப்பிக்க வழி உண்டு. கையெழுத்துகளை அடையாளம் காட்டக்கூடியவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும், எதிர்த் தரப்பு வக்கீலுக்கு அது கொண்டாட்டமாகிவிடும்.

இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. எழுதியவர் இறந்த பிறகும் உயிலைப் பதிவுக்குக் கொடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. பதிவுச் சட்டத்தின் 40, 41 ஆகிய பிரிவுகள், உயிலின் கீழ் உரிமை கோருபவர் அதைச் சார்பதிவாளரிடம் தாக்கல் செய்ய அனுமதிக்கின்றன. உயில் எழுதப்பட்டதைப் பற்றி அவர் மனநிறைவு அடைந்த பிறகே பதிவார். பெரியவர் நடமாட்டத்தோடு இருக்கும்போதே இதைச் செய்துவிடுவது நல்லது. இரண்டாவது வழி, அண்ணன் உயிலை மறுப்பார் என்ற அறிகுறி தெரிந்தால் தாமதிக்காமல் மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு, முதுமையையும் உடல்நிலையையும் காட்டி, நீதிமன்றம் நியமிக்கும் வக்கீல் கமிஷனர் ஒருவர் பெரியவருடைய வீட்டுக்கே வந்து சாட்சியம் பதிவு செய்ய உத்தரவு வாங்குவது. இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி வந்து சாட்சிக் கூண்டில் நிற்கும்படி அந்த வயதில் ஒருவரைக் கேட்க முடியாது. கமிஷனர் எந்த நாள் மேலே வருவார், எதிர்த் தரப்பு வக்கீல் எந்த நாள் ஒத்துக்கொள்வார், பெரியவர் எந்த வேளையில் தெளிவாகப் பேசுவார் என்பதையெல்லாம் பொருத்திப் பார்த்து ஏற்பாடு செய்ய வேண்டிய வேலை இது. உள்ளூர் வக்கீல் வேண்டும் என்று நான் சொல்வதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

இனி அண்ணனின் சினேகிதர். சொத்து அப்பாவின் சுயசம்பாத்தியம் என்பதால், உயில் இல்லையென்றால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அண்ணன், நீங்கள் மூவருக்கும் எல்லாவற்றிலும் மூன்றில் ஒரு பங்கு கிடைக்கும். உயில் நிலைத்தால் சேலம் வீடு அண்ணனுக்கு, மலை வீடும் தோட்டமும் உங்களுக்கு. இவற்றில் எது அண்ணனுக்கு லாபம் என்பது இரண்டு இடங்களின் சந்தை மதிப்பைப் பொறுத்தது. அந்தக் கணக்கை அவர் போட்டுப் பார்த்திருக்க மாட்டார் என்று நான் நினைக்கவில்லை. அவர் கெட்ட எண்ணம் கொண்டவர் என்று சொல்லவும் என்னிடம் ஆதாரம் இல்லை. உங்கள் நலனும் அவர் நலனும் இந்த ஒரு விஷயத்தில் எதிரெதிரே நிற்கின்றன, அவ்வளவுதான். ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்ன வக்கீல் அதே விவகாரத்தில் எதிர்த் தரப்புக்காக நிற்கக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. எழுதாத தாளில் வாங்கும் கையெழுத்து நாளைக்கு உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்துக்கான சம்மதமாகவோ, உயிலை நீங்களே கைவிட்டதாகச் சொல்லும் குடும்ப ஏற்பாடாகவோ உருவெடுக்கலாம்.

பத்து சதவீதம் என்ற பேச்சையும் அதோடு விட்டுவிடுங்கள். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், வழக்கில் கிடைக்கும் சொத்திலோ பணத்திலோ பங்கு கேட்பதையும் இந்திய பார் கவுன்சில் விதிகள் வெளிப்படையாகத் தடை செய்கின்றன. தடை செய்யப்பட்டதை முதல் சந்திப்பிலேயே கேட்பவர், பின்னால் எதைக் கேட்கத் தயங்குவார்?

விவாகரத்துப் பகுதிக்கு வருகிறேன். நீதிமன்ற வளாகத்தில் ‘மியூச்சுவல்’ என்று சொல்லப்படும் பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு, இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவின்படி ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். உங்களுக்கு அது தாண்டிவிட்டது. மனுப் போட்டு ஆறு மாதம் கழித்துத்தான் இரண்டாம் கட்டம் என்பது சட்டம். எனினும் பிரிவு ஒன்றரை ஆண்டைக் கடந்து, சமரசம் பலிக்காமல், ஜீவனாம்சமும் குழந்தைப் பொறுப்பும் பேசி முடிந்திருந்தால் அந்தக் காத்திருப்பைக் குடும்ப நீதிமன்றமே தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே பேச வேண்டியதை எல்லாம் முன்னதாகவே பேசி எழுத்தில் கொண்டுவரும் வக்கீல்தான் உங்களுக்கு வேண்டும். மகள் யாரிடம், அப்பா எந்த நாள்களில் பார்ப்பார், படிப்புச் செலவு, சீர் நகைகளின் பட்டியல், திருப்பித் தரும் நாள் எல்லாம் மனுவிலேயே இடம்பெற வேண்டும். ‘எனக்கு எதுவும் வேண்டாம், விட்டால் போதும்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு வருடம் கழித்து வந்து அழுத பெண்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் பங்கை விட்டுக்கொடுப்பது உங்கள் விருப்பம். மகளின் ஜீவனாம்ச உரிமையை நீங்கள் விட்டுக்கொடுத்து எழுதினாலும் அது அவளைக் கட்டுப்படுத்தாது என்பதே நீதிமன்றங்களின் நிலை.

வாய்வார்த்தைச் சம்மதத்தை மட்டும் நம்பி, ‘மியூச்சுவல்’ மட்டுமே போட்டுப் பழகிய வக்கீலிடம் போகாதீர்கள். தீர்ப்பு வரும் வரை இருவரில் ஒருவர் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று 1991லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நான் தொழிலுக்கு வந்த புதிதில், மனம் கசக்காமல் பிரிகிறார்களே என்ற எண்ணத்தில், ஒரு தம்பதிக்கு இருவர் சார்பிலும் நானே நின்றேன். இரண்டாம் கட்டத்தன்று கணவர் சம்மதமில்லை என்றார். இருவருடைய அந்தரங்கமும் எனக்குத் தெரியும் என்பதால் யாருக்காகவும் நான் நிற்க முடியாமல் போயிற்று. அந்தப் பெண் புதிதாக ஒருவரைத் தேடி எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து இரு தரப்புக்கும் ஒரே வக்கீல் என்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை. உங்கள் கணவர் தமக்கு ஒருவரை வைத்துக்கொள்ளட்டும். உங்களுடையவர், சம்மதம் முறிந்தால் கொடுமை அல்லது கைவிடுதல் என்ற காரணத்தில் வழக்கை மாற்றி எடுத்து, சாட்சி விசாரணை வரை நடத்தத் தெரிந்தவராக இருக்க வேண்டும். ‘இந்த நீதிமன்றத்தில் சாட்சி விசாரணை முடித்துத் தீர்ப்பு வாங்கிய வழக்கு கடைசியாக எப்போது நடத்தினீர்கள்?’ என்று கேளுங்கள். வாய்தா அன்று அவரே வருவாரா, ஜூனியர் வருவாரா என்றும் கேளுங்கள். ஜூனியர் வருவது குற்றமில்லை, முன்கூட்டியே தெரிய வேண்டும், அவ்வளவே. ‘நீதிபதி நமக்கு வேண்டியவர்’ என்று ஒருவர் தொடங்கினால் செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுங்கள். முதல் சந்திப்பில் உங்களுக்குச் சங்கடமான கேள்விகளைக் கேட்பவரை நம்பலாம். அதே கேள்விகள் எதிர்த் தரப்பிலிருந்து பின்னால் வரத்தான் போகின்றன.

அப்படி அவர் கேட்க வேண்டிய கேள்விகளில் ஒன்று உங்கள் சமூகம் எது என்பது. உங்கள் கடிதத்தில் அது இல்லை. சேர்வராயன் மலையின் மலையாளி சமூகத்தார் பட்டியல் பழங்குடியினர் என்பதால், மத்திய அரசு அறிவிக்கை செய்தாலன்றி இந்து திருமணச் சட்டமும் இந்து வாரிசுரிமைச் சட்டமும் அவர்களுக்குப் பொருந்தாது என்று அந்தச் சட்டங்களின் இரண்டாம் பிரிவே சொல்கிறது. குடும்பச் சொத்தில் பழங்குடிப் பெண்களுக்கும் சம பங்கு உண்டு என்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தாலும், மணமுறிவுக்கான வழி அவர்களுக்கு வழக்காற்றின்படியே அமைகிறது. நீங்கள் அந்தச் சமூகமானால் மேலே நான் சொன்னவற்றில் பலவும் மாறும். ஏற்காட்டிலிருந்து வரும் ஒருவரிடம் இதைக் கேட்காமல் மனு எழுதத் தொடங்கும் வக்கீல், கீழே சமவெளியில் எவ்வளவு பெயர் வாங்கியவராக இருந்தாலும் உங்களுக்கு ஒத்து வரமாட்டார்.

கட்டணத்தைக் கட்டங்களாகப் பிரித்து எழுதி வாங்குங்கள்: மனு தயாரிப்புக்கு இவ்வளவு, சமரசம் வரை இவ்வளவு, விசாரணை நடந்தால் இவ்வளவு என்று. நீதிமன்றக் கட்டணம், தட்டச்சு, கமிஷனர் கட்டணம், குமாஸ்தா செலவு எல்லாம் அதில் சேர்த்தியா வேறா என்பதும் அதிலேயே இருக்கட்டும். பணத்தை வங்கி வழியாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். வக்கீல்களின் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டதால், பிணக்கு வந்தால் நுகர்வோர் மன்றத்துக்குப் போக வழியில்லை. ஒழுங்கீனத்துக்குப் பார் கவுன்சிலில் புகார் செய்யலாம், மற்றபடி கையில் உள்ள எழுத்துதான் துணை. வக்காலத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். சமரசம் செய்யவும், வழக்கைத் திரும்பப் பெறவும், உங்கள் சார்பில் பணம் வாங்கவும் அதில் வக்கீலுக்கு அதிகாரம் இருக்கும். வேண்டாத வரியை அடிக்கச் சொல்வது உங்கள் உரிமை. நல்ல வக்கீல் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். ஒத்துவரவில்லை என்றால் வக்கீலை மாற்றலாம்; கட்டண பாக்கியைக் காட்டி உங்கள் வழக்குக் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை என்று 2000இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இருந்தாலும் மூல உயிலை யாரிடமும் சும்மா கொடுத்துவிடாதீர்கள். நகல் கொடுங்கள், மூலத்தை நீதிமன்றத்திலோ பதிவு அலுவலகத்திலோ தாக்கல் செய்யும் நாளில் ஒப்புகை வாங்கிக்கொண்டு கொடுங்கள். வழக்குக்கு எண் விழுந்ததும் எழுத்தும் எண்ணுமாகப் பதினாறு இடங்கள் கொண்ட, வழக்கின் அடையாள எண்ணான சிஎன்ஆர் எண்ணைக் கேட்டு வாங்கி, இ-கோர்ட்ஸ் செயலியில் வாய்தா தேதியை நீங்களே பாருங்கள்.

வக்கீல் கட்டணம் சுமையாக இருந்தால், சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பெண் என்ற ஒரே காரணத்தால், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச வக்கீல் பெற உங்களுக்கு உரிமை உண்டு. சேலத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். இலவசம் என்றால் ஏனோதானோ என்று செய்வார்கள் என்ற பேச்சை முழுதாக நம்ப வேண்டாம். அந்தப் பட்டியலில் நான் மதிக்கும் வக்கீல்கள் இருக்கிறார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. விவாகரத்துத் தீர்ப்பு வரும் வரை உங்கள் கணவர் உங்கள் வாரிசு. அதற்குள் உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி உங்கள் சொத்து மகளுக்கும் கணவருக்கும் சம பங்காகப் போகும். மகள் மைனர் என்பதால் அவள் பங்கின் நிர்வாகத்திலும் அவர் கை நுழையும். அம்மாவுக்கு எதுவும் கிடைக்காது. ஆகவே அப்பாவின் உயிலைப் பதிவுக்குக் கொண்டு செல்லும் வாரத்திலேயே நீங்களும் ஓர் உயில் எழுதிவிடுங்கள். நிறைவேற்றுநர் ஒருவரை அதில் நியமியுங்கள். சாட்சிகளாக உங்களைவிட இளையவர்கள் இருவரைப் பிடியுங்கள். வங்கிக் கணக்கிலும் காப்பீட்டிலும் கணவர் பெயர் நியமனதாரராக இருந்தால் மாற்றுங்கள். வங்கிக் கணக்கைப் பொறுத்தவரை நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே, உரிமையாளர் அல்லர் என்பது சட்டம் என்றாலும், கைக்குப் போன பணத்தைத் திரும்ப வாங்குவது தனி வழக்கு.

பெரியவரைப் பார்க்க நீங்கள் தனியாகப் போக வேண்டாம். நீங்கள் அவருக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள் என்ற குற்றச்சாட்டு நாளை வரும். புதிய வக்கீலை அமர்த்திய பிறகு, அவர் முன்னிலையில், அம்மாவையும் அழைத்துக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
வழக்கறிஞர், சேலம்